மலாய் சுலபமான மொழியாமே?

ஈசூன் அம்மா · 6 ஜனவரி 2025

மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றுக்குப் போயிருக்கிறாள். உயர்தமிழும் எடுத்திருக்கிறாள். மூன்றாம் மொழியாக மலாய் சிறப்புத் திட்டத்தில் சேர விருப்பமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். "மலாய் ரொம்ப சுலபம், எழுத்தும் ஏபிசிடிதான், நாலு வருஷம் சும்மா போய்வந்தா தொடக்கக் கல்லூரிக்கு ரெண்டு புள்ளி" என்கிறார் என் அண்ணி. உண்மையா? வாரத்தில் இரண்டு மதியம் அதற்கே போய்விடும். அதுதான் யோசனை.

பிடோக்காரன் · 7 ஜனவரி

அண்ணி சொன்னதில் பாதி சரி. முதல் ஆறு மாதம் சுலபம்.

நான் 1990இலிருந்து 1993 வரை இதே திட்டத்தில் படித்தவன். இப்போது என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று, "இதெல்லாம் ஒரு மொழியா, இறந்தகாலமே கிடையாது" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவருடைய மலாய் தனிக்கதை, அப்புறம்.

சுலபம் எது என்றால், வினைச்சொல் மாறவே மாறாது. மாக்கான் என்றால் சாப்பிட்டான், சாப்பிடுகிறார்கள், சாப்பிடுவோம், எல்லாமே அதுதான். முன்னால் சுடா போட்டால் முடிந்தது, அக்கான் போட்டால் இனிமேல். ஆண்பால் பெண்பால் இல்லை. டியா என்றால் அவன், அவள், அவர் மூவரும். திணை, பால், எண், இடம் என்று ஆறு வருஷம் சிவப்பு மை வாங்கிய பிள்ளைக்கு இது பள்ளி விடுமுறை மாதிரி.

உயர்நிலை இரண்டின் நடுவில் விடுமுறை முடியும். இம்புஹான் வரும்.

பிடோக்காரன் · 7 ஜனவரி, இரவு

பயமுறுத்திவிட்டு ஓடிவிட்டேன் என்று திட்டு விழுந்திருக்கிறது. சரி, இம்புஹான்.

இம்புஹான் என்றால் ஒட்டு. வேர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டி அர்த்தத்தையே திருப்பிவிடும். ஆஜார் வேர். மெங்ஙாஜார் கற்பி, பெலாஜார் கற்றுக்கொள், பெலாஜாரான் பாடம், பெங்ஙாஜாரான் கற்பித்தல், 'பெர்' ஒட்டின் 'ர்' பெலாஜாரில் 'ல்' ஆனதற்குக் காரணம் கேட்டால் "அது விதிவிலக்கு" என்பார்கள். அகராதியில் தேடுவதற்குள் பொழுது விடியும். ஏனென்றால் மலாய் அகராதி வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். மெமூக்குல் என்ற சொல்லை 'ம'வில் தேடினால் கிடைக்காது. அது பூக்குல். 'ப'வில் ஒளிந்திருக்கும். அதாவது சொல் தெரிந்தால்தான் அகராதியில் சொல்லைத் தேட முடியும்.

இந்த 'மெ' ஒட்டுத்தான் எல்லாரையும் கவிழ்ப்பது. 'மெ'க்கும் வேருக்கும் நடுவில் ஒரு மெல்லெழுத்து வரும். எது வரும் என்பதை அடுத்த எழுத்து முடிவுசெய்யும். பாச்சா (வாசி) என்றால் மெம்பாச்சா. காலி (தோண்டு) என்றால் மெங்காலி. ஜுவால் (விற்பது) என்றால் மெஞ்ஜுவால். வகுப்பில் பெரும்பாலும் சீன நண்பர்கள். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தார்கள். நானும் இரண்டு வாரம் கூடவே உருப்போட்டேன்.

பிறகு ஒருநாள் தமிழ் வகுப்பில் ஆசிரியர் இன எழுத்துகளைப் பலகையில் எழுதினார். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளியே போய் நிற்கச் சொன்னார். வராந்தாவில் நின்றபடி மெம்பாச்சா, மெங்காலி, மெஞ்ஜுவால் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு, பஞ்சு, பந்து, பாம்பு என்று ஆறு வயதில் பழகியதைத்தான் இங்கே அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

பிடோக்காரன் · 8 ஜனவரி

நேற்று மிச்சம் வைத்தது: வன்மையாக ஒலிக்கும் க், ப், த், ஸ் நான்கும் மெல்லெழுத்துக்குப் பின்னால் நிற்கமாட்டா. கரைந்துவிடும். பூக்குல் (அடி) மெமூக்குல் ஆகும். துலிஸ் (எழுது) மெனுலிஸ். காராங் (இயற்று) மெங்ஙாராங். சாப்பு (பெருக்கு) மெஞாப்பு. தமிழிலும் மெல்லெழுத்துக்குப் பின்னால் வருகிற க, த, ப அழுத்தமாக ஒலிப்பதில்லையே. பாம்பு என்பதில் இருக்கும் 'பு'வையும் பாப்பாவில் இருக்கும் 'ப்பா'வையும் சொல்லிப் பாருங்கள். நாம் மென்மையாக்குகிறோம், மலாய்க்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

பிடோக்காரன் · 8 ஜனவரி, பத்து நிமிஷம் கழித்து

தமிழ் எழுத்தில் மலாயை எழுதுவது எவ்வளவு அபத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. பாச்சாவில் இருப்பது பாட்டியின் பா இல்லை, பாக்கியத்தின் பா. காலியில் இருப்பது கோபாலில் வரும் 'கோ'வின் ஒலி. ஊகித்துக்கொள்ளுங்கள்.

பிடோக்காரன் · 11 ஜனவரி

ஜோகூரிலிருந்து ஒரு மலேசிய வாசகர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். சாப்பு என்று ச் போட்டு எழுதிவிட்டேன், அது ஸ். ச் கரையாது, ஸ் மட்டும்தான். சூச்சி (கழுவு) மெஞ்சூச்சி ஆகும், ச் அப்படியே இருக்கும். ஓரசைச் சொல்லானால் 'மெங்ஙெ' வரும்: சாட் (வண்ணம் பூசுவது) மெங்ஙெச்சாட். சரிதான். 1993 தேர்விலும் இதே இடத்தில்தான் விட்டேன்.

அவர் இன்னொன்றும் எழுதினார், அது கொஞ்சம் சுட்டது. "உங்களுக்கு அது மூன்றாம் மொழி, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். எங்களுக்கு எஸ்பிஎம்மில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், அது தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது." தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது மலாய் போதவில்லை என்று அவரைப் புகுமுக வகுப்பில் போட்டிருக்கிறார்கள். படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருஷம் கூடுதல். கூடப் படித்தவர்களைவிட ஒரு வயது மூத்தவராகவே பள்ளி முடித்திருக்கிறார். நான் வராந்தாவில் சிரித்துக்கொண்டிருந்த கதையை அவரிடம் கொஞ்சம் அடக்கிச் சொல்லியிருக்கலாம்.

பிடோக்காரன் · 19 ஜனவரி

ஈசூன் அம்மா தனியாகக் கேட்ட கேள்வி: உயர்தமிழோடு இதுவும் சேர்ந்தால் பிள்ளை குழம்பமாட்டாளா?

குழம்புவாள். ஆனால் குழம்பும் இடம் வேறு.

என் மகளுக்குப் பேச்சில் எல்லாம் 'நம்ம'தான். "நம்ம வீட்ல கேக் வெட்டினோம், நீங்க ஏன் வரல?" என்று விருந்தாளியிடமே கேட்பாள். நாம், நாங்கள் வித்தியாசத்தைத் தொடக்கநிலை முழுக்கச் சொல்லியும் ஏறவில்லை. மலாய் வகுப்பில் கீத்தா, காமி என்று இரண்டு சொல் வந்தது. கேட்பவரையும் சேர்த்தால் கீத்தா, சேர்க்காவிட்டால் காமி. அன்று சாயங்காலம் வந்து, "அப்பா, நாம்னா கீத்தா, நாங்கள்னா காமி, அவ்ளோதானா? இத ஏன் தமிழ் டீச்சர் சொல்லல?" என்றாள். சொன்னார்கள் அம்மா. ஆறு வருஷம் சொன்னார்கள்.

நாட்டுப்பண்ணை 1958இல் இயற்றிய ஸுபிர் சாயிட் முதல் அடியிலேயே போட்டிருப்பது கீத்தா. காமி என்று எழுதியிருந்தால் "நாங்கள் சிங்கப்பூரர்கள், நீ யார்" என்றாகியிருக்கும். தினமும் காலையில் பாடிய சொல்லின் அர்த்தம் அவளுக்குப் பதினான்கு வயதில்தான் தெரிந்தது. எனக்கும் ஏறக்குறைய அதே வயதில்தான்.

இன்னொன்று, 'இல்லை'. மலாயில் இரண்டு இல்லை உண்டு. செயல் நடக்கவில்லை என்றால் தீடாக். இது அது கிடையாது என்றால் புக்கான். "சாப்பிடவில்லை" தீடாக், "இது புத்தகம் அல்ல" புக்கான். ஆங்கிலத்தில் நினைத்துவிட்டு மலாயில் எழுதுகிற பிள்ளைகள் இதில் வழுக்கிக்கொண்டே இருப்பார்கள். அல்ல, இல்லை இரண்டையும் ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் பிரச்சினை இருக்கக் கூடாது. 'படித்தவர்களுக்கு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் பேச்சில் எல்லாவற்றுக்கும் இல்லைதான் போடுகிறேன். அல்ல என்று ஒன்று இருப்பதே புக்கான் வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

பிடோக்காரன் · 20 ஜனவரி

மேலே எழுதியதைப் படித்தால் தமிழ்ப் பிள்ளைக்கு எல்லாமே சாதகம் போலத் தெரிகிறது. பொய். எண்ணளவைச் சொல் என்று ஒன்று இருக்கிறது, பெஞ்ஜோடோ பிலாங்ஙான். ஒரு பூனை என்று சும்மா சொல்ல முடியாது. செ-ஏக்கோர் பூனை. ஏக்கோர் என்றால் வால். மீனுக்கும் வால், கோழிக்கும் வால், வாலே இல்லாத தவளைக்கும் வால். வீட்டுக்கு, காருக்கு, நாட்டுக்கு எல்லாம் புவா, அதாவது பழம். முட்டைக்கு பிஜி, விதை. பென்சிலுக்கு பாத்தாங், தண்டு. சட்டைக்கும் தாளுக்கும் ஹெலாய். பூவுக்கு குந்தும். தமிழில் மனிதருக்கு மட்டும் 'இரண்டு பேர்' என்கிறோம், மற்றதற்கெல்லாம் எண்ணோடு சரி. சீன மொழியில் இந்த வழக்கம் முழுசாக இருப்பதால் நண்பர்கள் சிரமமே படவில்லை. மூன்று வால் பூனை என்று எழுத மறந்து நான்தான் மதிப்பெண் இழந்தேன்.

பிடோக்காரன் · 2 பிப்ரவரி

அப்பா கதை.

அப்பா அறுபதுகளில் பள்ளியில் கொஞ்சம் மலாய் படித்தார், தேசிய மொழி என்று எல்லாரையும் படிக்கச்சொன்ன காலம். மீதியைத் துறைமுகத்தில் படித்தார். கிரேன் ஓட்டிய முப்பது வருஷத்தில் மலாய்க்காரர், சீனர், மலையாளி, பஞ்சாபி எல்லாரோடும் அவர் பேசியது அந்த மலாய்தான். மெலாயு பாசார், சந்தை மலாய். அதில் மெ-வும் இல்லை, பெ-வும் இல்லை. எனக்கு உயர்நிலை ஒன்றில் வீட்டுப்பாடம் செய்ய உதவினார். "என் வீடு பெரியது" என்று எழுதவேண்டும். "சாயா பூஞா ரூமா புசார்" என்று சொல்லிக்கொடுத்தார். ஆசிரியை பூஞாவைச் சிவப்பில் வட்டம்போட்டு, ரூமா சாயா என்று மேலே எழுதியிருந்தார். வீடு என். வீடு முன்னால், 'என்' பின்னால். சந்தை மலாயில் 'என்னுடைய வீடு' வரிசை. அது தமிழனுக்கும் வசதி, ஹொக்கியன் பேசுகிறவருக்கும் வசதி. அதனால்தான் சந்தையில் நின்றது.

நோட்டைப் பார்த்துவிட்டு அப்பா, "இதுதான் சரியா? சரி, இதப் பேசி எவன்கிட்ட கப்பல் சாமான் எறக்குவ?" என்றார். முதல் நாள் அவர் சிரித்ததும் இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது பேத்தியோடு கீழே நாசி லெமாக் வாங்கப் போகிறார். கடைக்கார மாக்சிக் தாத்தாவின் பூஞா மலாயை உடனே பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறார். மகள் தன் பாட்டுக்கு ஒழுங்கான வாக்கியம் ஒன்று சொன்னாள். மாக்சிக் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கிறாயா?" என்று கேட்டாராம். தாத்தா அதை அடுக்குமாடி முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிடோக்காரன் · 3 பிப்ரவரி

ஏன் இந்தோனேசியா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் சொல்லித்தருவது செபுத்தான் பாக்கு, எழுதியபடி உச்சரிக்கும் முறை. சாயா என்று எழுதினால் சாயா. ஆனால் இங்கே வீட்டிலும் கடையிலும் மலாய்க்காரர்கள் பேசுவது 'சாயெ', 'ஆப்பெ'. கடைசி ஆகாரம் மழுங்கிவிடும். பாக்கு முறை 1993இல்தான் பள்ளிகளுக்கு வந்தது. நான் அப்போது உயர்நிலை நான்கு. மூன்று வருஷம் சாயெ என்று பழகிய எங்களுக்கு ஆசிரியை திடீரென்று சாயா என்று பேச ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் அவரே மறந்து சாயெக்குப் போய்விடுவார். வகுப்பே ஒன்றாகத் திருத்தும். அந்த வருஷத்தில் நாங்கள் அவரைத் திருத்த முடிந்த ஒரே விஷயம் அது.

ஆசிரியையை நாங்கள் 'நீங்கள்' என்று மலாயில் சொன்னதே இல்லை என்பதும் ஞாபகம் வருகிறது. காமு, ஆவாக், ஆண்டா என்று எத்தனையோ இருந்தாலும் ஆசிரியரிடம் எதுவும் ஆகாது. சிக்கு என்ற அழைப்புத்தான் முன்னிலைக்கும். "சிக்கு சாப்பிட்டாச்சா?" நம்ம ஊரில் "அத்தை சாப்பிட்டாச்சா" என்று அத்தையிடமே கேட்பதுபோல.

பிடோக்காரன் · 16 பிப்ரவரி

மலாயில் இருக்கும் தமிழ்ச் சொற்களைப் பட்டியலிடச் சொன்னார் ஒருவர். குரு, பஹாசா, சுவாமி, நாமா, வார்னா என்று ஆர்வத்தில் அடுக்கிவிட்டேன். இன்னொருவர் வந்து அத்தனையும் சமஸ்கிருதம் என்றார். ஆமாம். தலைகுனிகிறேன். தமிழிலிருந்து போனவை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவை: கெடாய் (கடை), காப்பால் (கப்பல்), காத்தில் (கட்டில்), பெத்தி (பெட்டி), மொடால் (முதல், அதாவது மூலதனம்), கூலி, திராய் (திரை), செருத்து (சுருட்டு), மெம்பெலாம் (மாம்பழம்), மஹ்லிகாய் (மாளிகை). பட்டியலைப் பார்த்தாலே போனவர்கள் யார் என்று தெரிகிறதல்லவா? கப்பலில் வந்து, கடை போட்டு, முதல் வைத்து, கூலிக்கு ஆள் பிடித்து, பெட்டியைப் பூட்டிவிட்டு, கட்டிலில் படுத்துச் சுருட்டுப் பிடித்தவர்கள். இதில் கவிதை எழுதியவன் ஒருவனும் கப்பலேறியதாகத் தெரியவில்லை.

வந்தவர்களில் மலாக்காவில் தங்கி, வீட்டிலேயே மலாய் பேசத் தொடங்கிவிட்ட செட்டிகளும் உண்டு. மலாக்கா செட்டிகளுக்கு இன்றைக்கும் மாரியம்மன் உண்டு, பொங்கல் உண்டு, பேச்சு மட்டும் மலாய்.

பிடோக்காரன் · 16 பிப்ரவரி, மதியம்

ஒரே மாதிரி ஒலித்து ஏமாற்றும் சொற்களும் உண்டு. பாசு பூத்தொட்டி, பால் கறக்காது. மாசா காலம், மாதம் இல்லை. மாலாம் இரவு. "செலாமாட் மாலாம்" என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் தமிழ்ப் பையன்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்காது, காரணத்தை ஆசிரியையிடம் சொல்லவும் முடியாது. பூக்குல் என்றால் அடி, மணிக்கும் அதுதான். பூக்குல் தீகா மூன்று மணி. நாம் மணியைச் சொல்கிறோம், அவர்கள் அடியைச் சொல்கிறார்கள்.

தாலி என்றால் கயிறு. தாலி காசுட் என்றால் காலணி நாடா. மகள் ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், "பாட்டி, என் தாலி அறுந்துபோச்சு" என்று சமையலறை பார்த்துக் கத்தினாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு. அம்மா அவளோடு சாயங்காலம்வரை பேசவில்லை.

பிடோக்காரன் · 9 மார்ச்

கீத்தா, காமி பற்றி ஜனவரியில் பெரிதாக எழுதியதைத் திருத்துகிறேன். அது எழுத்து மலாய். பேச்சில் காமியை நான் கேட்டதே அபூர்வம். மலாய் நண்பர்கள் 'கீத்தோராங்' என்கிறார்கள். கீத்தாவும் ஓராங்கும் ஒட்டிய சொல். அதை அவர்கள் பெரும்பாலும் 'நாங்கள்' என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள், "கீத்தோராங் போகிறோம், நீ வருகிறாயா" என்பதுபோல. ஆக, நாங்களுக்குள் ஒரு நாம் ஒளிந்திருக்கிறது. என் மகளின் 'நம்ம' அவ்வளவு தப்பில்லை போலிருக்கிறது. இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

பிடோக்காரன் · 10 மார்ச்

படைப்பயிற்சிக் கட்டளைகள் மலாய்தானே, பையன்கள் தேசிய சேவையில் எப்படியும் கற்றுக்கொள்வார்களே என்கிறார் ஒருவர். செடியா, செனாங் டிரி, ஹெந்தாக் காக்கி. ஆமாம், நிற்க, நிமிர, காலைத் தரையில் அடிக்க. அதை வைத்து ஒரு கோப்பிக்கூட வாங்க முடியாது.

பிடோக்காரன் · 13 ஏப்ரல்

கட்டுரை எழுதுவது எப்படி என்று ஈசூன் அம்மா கேட்கிறார். மகளின் தேர்வுக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கிறது, இப்போதே பதறவேண்டாம். ஆனால் பழமொழி நோட்டு ஒன்று போட்டு வைக்கலாம். காராங்ஙானில் ஒன்றிரண்டு பழமொழி விழுந்தால் திருத்துகிறவர் முகம் மலரும். எங்களுக்கு நூறு கொடுத்தார்கள். நான் பக்கத்திலேயே தமிழை எழுதிக்கொண்டேன், அதுதான் மனதில் நின்றது. நமக்குக் கிணற்றுத் தவளை, அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டைக்குக் கீழே தவளை. தவளை பாவம், இங்கே வந்ததும் வீடு இன்னும் சிறிதாகிவிட்டது. நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம், அவர்கள் முங்கும்போதே தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். நாம் வெள்ளம் வருமுன் அணை போடுவோம், அவர்கள் மழைக்குமுன் குடை எடுத்து வைப்பார்கள். நன்றி மறந்தவனை 'தோலை மறந்த கடலை' என்பார்கள். இதற்குச் சரியான ஜோடி தேடி அப்பாவிடம் கேட்டேன். "ஆத்தக் கடந்தா நீ யாரோ நான் யாரோ" என்றார், உடனே, துறைமுகத்தில் யாரையோ நினைத்துக்கொண்டு.

ஒரு சந்தேகம் அப்போதிருந்தே. புக்கு-புக்கு என்றால் புத்தகங்கள். இரட்டித்தால் பன்மை. ஆனால் லாபி-லாபி என்றால் ஒரே ஓர் ஆமை, பிரி-பிரி ஒரே ஒரு செம்மறி, ராமா-ராமா ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சி. பிரித்தால் பொருள் தராது. ஆசிரியை "இது வேறு வகை" என்றார். எனக்கு அடுக்குத்தொடரும் இரட்டைக்கிளவியும் என்று பட்டது. சொன்னேன். தமிழில் எப்படி என்று கேட்டார். பாம்பு பாம்பு, சலசல என்று எழுதிக் காட்டினேன். அடுத்த வாரம் எல்லாருக்கும் அதை வைத்தே நடத்தினார். பலகையில் தமிழில் 'சலசல' என்று அவரே எழுதினார், ல-வின் சுழியைத் தலைகீழாக.

பிடோக்காரன் · 25 மே

ஜோகூர் வாசகருக்கு மட்டும்: இந்தோனேசியப் பாடலைக் கேட்டால் மலாய் வளருமா என்று கேட்டவருக்கு நீங்கள் சொன்னது சரி, வளரும், கூடவே வம்பும் வளரும். இங்கே புடாக் என்றால் பையன், அங்கே அடிமை. இங்கே பெர்ச்சுமா இலவசம், அங்கே வீண். பீசா அங்கே 'முடியும்', இங்கே பாம்பின் விஷம். மகள் வாய்மொழிப் பயிற்சியில் "என்னால் முடியும்" என்று இந்தோனேசிய பாணியில் சொல்லி, "நான் விஷம்" என்று சிரிப்பு வாங்கினாள்.

எழுத்தும் ஏபிசிடிதான் என்ற அண்ணியின் நம்பிக்கைக்கும் ஒன்று. செபாக் என்பதில் அந்த எகரத்தைத் தெளிவாகச் சொன்னால் காலால் உதை, மழுக்கிச் சொன்னால் கன்னத்தில் அறை. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

பிடோக்காரன் · 8 ஜூன்

புள்ளி விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கவேண்டும், மொழியில் மயங்கி விட்டுவிட்டேன். மலாய் சிறப்புத் திட்டத்தில் தேறினால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இரண்டு புள்ளி என்பது சரி. உயர்தமிழுக்கும் இரண்டு. ஆனால் 2028 சேர்க்கையிலிருந்து கணக்கு மாறுகிறது. கணக்கில் எடுக்கும் ஆறு பாடம் ஐந்து பாடமாகக் குறைகிறது, இந்த மாதிரி போனஸ் புள்ளிகளுக்கு மொத்தமாக 3 என்று உச்சவரம்பு. ஈசூன் அம்மாவின் மகள் 2028இல் தேர்வு எழுதி 2029இல் சேருவாள், அவளுக்குப் புதிய கணக்குத்தான். உயர்தமிழிலேயே இரண்டு வந்துவிட்டால் நான்கு வருஷ மலாயில் கையில் நிற்பது ஒன்று. அதற்காக வாரம் இரண்டு மதியமா என்று அண்ணி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அண்ணியை நாசி லெமாக் கடைக்கு அனுப்பிவையுங்கள்.

ஈசூன் அம்மா · 14 செப்டம்பர்

சேர்த்துவிட்டோம், ஜனவரியிலேயே. சொல்ல மறந்துவிட்டேன். மற்றதெல்லாம் பரவாயில்லை. ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள். 'பெரிய வீடு' என்பதைப் 'புசார் ரூமா' என்று எழுதுகிறாள். பெரிய, சின்ன, சிவப்பு எல்லாவற்றையும் முன்னால் போடுகிறாள். என்ன செய்யலாம்?

பிடோக்காரன் · 14 செப்டம்பர்

என் மகளும் செய்தாள். நானும். அப்பா இன்னும் செய்கிறார்.

பெருவிரைவு ரயில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டுங்கள். புக்கிட் பாஞ்சாங் என்றால் குன்று நீளம். தானா மேரா, மண் சிவப்பு. பாய லேபார், சதுப்பு அகலம். பாசிர் பாஞ்சாங், மணல் நீளம். பொருள் முன்னால், அடை பின்னால். பள்ளிக்குப் போய்வரும் வழியிலேயே பாடம் முடிந்துவிடும். தஞ்சோங் பகாரை மட்டும் பார்த்து எழுதவேண்டாம். இன்றைய எழுத்துமுறையில் அது தஞ்ஜுங். 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்தைச் சீராக்கியபோது புத்தகம் மாறியது, நம் பலகைகள் மாறவில்லை. நிலையத்தைப் பார்த்து எழுதி நான் ஒரு மதிப்பெண் விட்டிருக்கிறேன்.

பிடோக்காரன் · 15 செப்டம்பர்

இன்னொரு நிலையமும் வேண்டாம். தோ பாயோ. பாயோ என்பது மலாய் பாயா, சதுப்பு. தோ ஹொக்கியன், பெரிய. ஹொக்கியன்காரர்கள் தங்கள் வரிசையில் அடையை முன்னால் ஒட்டிவிட்டார்கள். மகள் எழுதும் அதே தப்பு. அதில் இப்போது ஒரு நகரமே குடியிருக்கிறது.